நாளைக்குப் போனா போராதா?

“நாகர்கோவில் கண்ணாஸ்பத்திரிக்கு நாளைக்கோ மறுநாளோ போனா போராதா டாக்டரே, இப்ப ஒரு துளிமருந்து தந்தா மதி” என்று சிவந்த கண்ணோடு வந்த அந்த அம்மா கேட்டார். “சரி, 3 நாள் போட்டுப் பாருங்க, குறையலன்னா வாங்க” என்றேன். அவருடைய கேள்விக்கும் என் பதிலுக்கும் இடையில் அரை நிமிடம்கூடக் கடந்திருக்காது.

அது மெட்ராஸ் ஐ பரவியிருந்த மழைக்காலம். ஆனால் மெட்ராஸ் ஐ என்றால் பெரும்பாலும் பீளை தள்ளும், ஓரிரு நாளில் அடுத்த கண்ணுக்கும் பரவும், பீளையைத் துடைத்துவிட்டால் பார்வை தெளிந்துவிடும். இவருக்குச் சிவந்திருந்தது ஒரு கண் மட்டுமே. அதிலும் பீளை இல்லை, நீர்தான் வழிந்தது. சன்னல் வெளிச்சம் படாதபடி திரும்பி உட்கார்ந்து, முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தார். இதை நான் அன்றே கவனித்தேனா, அல்லது பிற்பாடு என் குற்றவுணர்வு சேர்த்துக்கொண்ட காட்சியா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவர் ரப்பர் பால் வெட்டுபவர் என்பது எனக்குத் தெரியும். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போகிறவர்களுக்குப் பட்டைத்தூளோ சுள்ளியோ கண்ணில் படுவது புதிதல்ல. செடிகொடியால் கருவிழியில் ஏற்படும் சிறு கீறல் வழியாகப் பூஞ்சை நுழைந்துவிட்டால், பாக்டீரியாவைக் கொல்ல நான் எழுதிக்கொடுத்த துளிமருந்து அதைத் தொடக்கூடச் செய்யாது. இவ்வளவும் தெரிந்திருந்தும், “கண்ணுல எதாவது பட்டுதா?” என்று நான் கேட்கவில்லை. ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் சுவர் அட்டையைப் படிக்கச் சொல்லவில்லை. கண்ணில் தொட்டு வைத்து நீல ஒளியில் பார்த்தால் புண் பச்சையாக ஒளிரும் ஃப்ளோரசின் தாள் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது.

சிவந்த கண்ணையெல்லாம் நாகர்கோவிலுக்கு அனுப்பினால், பெரும்பாலோர் “ஒண்ணுமில்லண்ணு சொல்லிட்டாங்க” என்று ஒருநாள் கூலியை இழந்து திரும்புவார்கள். அடுத்தமுறை என் சீட்டை மதிக்கமாட்டார்கள். இந்த வாதம் சரியென்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த அரை நிமிடத்தில் இது என் மனத்தில் இருக்கவில்லை, பிறகு கட்டிக்கொண்டதுதான்.

2 நாள் கழித்துக் குழந்தைக்கு ஊசி போட வந்த மருமகள், “மாமிக்கு இப்ப கொள்ளாம், சிவப்பு குறைஞ்சிருக்கு” என்றபோது மகிழ்ந்தேன். பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த ஸ்டீராய்டு துளியையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அது சிவப்பையும் வலியையும் தணிக்கும்; அதே வேளையில் உடலின் எதிர்ப்பையும் அடக்கிப் பூஞ்சைக்கு வழிவிடும். 7ஆம் நாள் அவர் வந்தபோது, ஓரங்கள் இறகுபோலப் பிரிந்த சாம்பல்வெள்ளைப் புண் கருவிழியில் இருந்தது. அன்றே அனுப்பினேன். சுரண்டி எடுத்துப் பார்த்ததில் பூஞ்சை உறுதியானது. மணிக்கொரு முறை நேட்டமைசின் என்னும் பூஞ்சைக்கொல்லித் துளி என்று வாரக்கணக்கில் சிகிச்சை நடந்தது. கண் பிழைத்தது, ஆனால் பாவைக்கு நேர் எதிரே பூ விழுந்துவிட்டது.

அதன்பின் நிறையப் பேரை அனுப்பினேன். சீழ் வடியும் கண்ணோடு வந்த பச்சிளங்குழந்தை, கான்டாக்ட் லென்ஸ் அணிந்து வலியோடு வந்த மாணவி, நெற்றியிலிருந்து மூக்குநுனிவரை அக்கிக் கொப்புளம் இறங்கிய முதியவர், இமை வீங்கிக் காய்ச்சலோடு கண்ணை அசைக்கவே வலித்த சிறுவன் ஆகியோரை அனுப்பியதில் எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் பயத்தால் வெறும் மெட்ராஸ் ஐகளையும் அனுப்பினேன். “இதை அங்கேயே பார்த்திருக்கலாமே” என்று ஒரு சீட்டின் பின்புறம் எழுதி வந்தது. நியாயமான வரிதான்.

அந்த அம்மா இப்போதும் ரத்த அழுத்த மாத்திரைக்கு மாதந்தோறும் வருகிறார். ஒருநாள் நானாகப் பேச்செடுத்தேன். “அண்ணைக்கு நீங்க போகச் சொல்லியிருந்தாலும் நான் போயிருக்கமாட்டேன் டாக்டரே, வெட்டு இருந்துதுல்லா” என்றார். நம்ப விரும்பினேன், நம்ப விரும்பியதாலேயே அதில் சந்தேகமும் வந்தது. மாத்திரையை வாங்கிக்கொண்டு, நல்ல கண் வழிப்பக்கம் இருக்கும்படி தலையைச் சற்றே திருப்பியவாறு படியிறங்கினார்.