கல்லிடைக்குறிச்சி வீடுகளைப் படமெடுக்கப் போகிறவர்களுக்கு

கல்லிடைக்குறிச்சிக்குக் காமிராவோடு வருகிற பாதிப்பேர் ஒரு மாடலைத் திண்ணையில் உட்கார வைத்து, தூணைப் பிடிக்கச் சொல்லி, பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் படத்துக்கு இவ்வளவு தூரம் வரவே வேண்டாம், சென்னையில் செட்டு போட்டால் போதும். இந்தப் பக்கத்து வீடு தார்சா (முன்கட்டு), பட்டாசல் (கூடம்), அடுக்களை, புறவாசல் என்று உள்ளே நீண்டுகொண்டே போகும். படம் அங்கேதான் இருக்கிறது.

திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை பாசஞ்சர்தான் மலிவு, ஊரிலேயே நிற்கும். அம்பாசமுத்திரத்தில் இறங்கிவிட்டால் நடுவில் தாமிரபரணி. பாலம் தாண்ட ஆட்டோக்காரர் கேட்கிற காசுக்குத் திருநெல்வேலிக்கே பஸ்ஸில் போய்த் திரும்பலாம். பேசாமல் டவுன் பஸ்ஸில் ஏறுங்கள்.

கிழமேலாக ஓடும் தெருவென்றால் மார்கழி, தை நல்லது. சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடசிறகு, அதாவது தெருவின் வடக்கு வரிசை, வீட்டுத் திண்ணைகளில் வெயில் விழும். ஆனி, ஆடியில் காலையும் மாலையும் தென்சிறகுக்குத்தான் யோகம்.

உள்ளே போனால் வேறு தலைவலி. வானவெளியில் (திறந்த முற்றத்தில்) வெயில் கொட்டும், நாலடி தள்ளிப் பட்டாசல் இருட்டு. ஒரே எக்ஸ்போஷரில் இரண்டும் அடங்காது. முக்காலி போட்டு, ஐஎஸ்ஓ 200, எஃப் 8 வைத்து, காமிராவின் வெளிச்ச மீட்டர் சொல்வதில் ஒன்று, 2 ஸ்டாப் குறைத்து ஒன்று, 2 ஸ்டாப் கூட்டி ஒன்று (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) எடுத்து, மூன்றையும் பிறகு ஒரே படமாக ஒட்ட வேண்டும். ஆள் இருந்தால் இது சரிப்படாது. அசைந்தால் இரண்டு தலை வரும். ஆட்களைக் காலையில், வானவெளிக்கு வெயில் இறங்குமுன் எடுத்துவிடுங்கள். சிவப்புச் சிமெண்டுத் தரை முகவாய்க்குக் கீழே சிவப்படிக்கும். காமிராவில் நிறத்தைச் சரிக்கட்டும் ஒயிட் பேலன்ஸை மாற்றினால் சுவர் நீலமாகிவிடும். ஃபிரேமுக்கு வெளியே தரையில் ஒரு வெள்ளை வேட்டியை விரியுங்கள், தீர்ந்தது. டியூப்லைட் எரிந்தால் ஷட்டர் 1/50 அல்லது 1/100; நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதற்கு மேல் வேகம் வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும். லென்ஸ் 35 மி.மீ. போதும். 24-இல் ஓரத்தில் நிற்பவர் இழுபட்டுப் போவார். காமிராவை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் உள்ளே சாயும்.

திண்ணைச் சுவரைப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகத் தலை சாய்த்து எண்ணெய் ஏறிய கறை, உட்கார்ந்த ஆளின் உயரத்தில் இருக்கும். அந்த வீட்டின் ஆகச்சிறந்த படம் அதுதான். நேராக ஃபிளாஷ் அடித்தால் கறை காணாமல் போகும். காலையோ மாலையோ, வெயில் சுவரை ஒட்டிச் சரியும்போது மினுமினுப்போடு எழும்பும்.

வெள்ளைத் துணியில் அப்பளம் காய்ந்தால் மீட்டர் ஏமாறும், 2/3 ஸ்டாப் கூட்டுங்கள். துணியை மிதித்தால் அடுத்த வீட்டு வாசலிலும் உங்களை ஏற்ற மாட்டார்கள்.

சொதிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள்! தேங்காய்ப்பால் சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு சிப்ஸ். அன்றைக்கு மத்தியானம் வேலை ஓடாது.

எடுத்த படத்தை வாட்ஸப்பில் அனுப்புகிறேன் என்று வீட்டாரிடம் சொல்வது ஏமாற்று, பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். 4x6 பிரிண்ட் பத்துப் பதினைந்து ரூபாய்தான். வீட்டுப் பெரியவர் படத்தை மேட் தாளில் போடுங்கள்; பளபளத் தாள் இந்தப் புழுக்கத்தில் கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முகம் கையோடு வந்துவிடும்.