நாலு மாசம் தேடுன ஐடி ரெண்டரைக் கட்டையில மாட்டுச்சு

மாட்டிருச்சுங்க. தை மாசம் கானாடுகாத்தான் கல்யாணத்துல ஒரு டிஜே போட்டுக் கேட்ட அந்த ட்ராக்கோட பேரை (ஐடின்னா அதுதான்), நேத்து ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு காரைக்குடியில எங்க கடை மாடியில உக்காந்து புடிச்சுட்டேன். முழுசா இல்ல, பாதிதான். ஆனா இந்தப் பாதிக்கே நாலு மாசம் ஆச்சு, அதனால கொஞ்சம் பீத்திக்கிறேன், பொறுத்துக்குங்க.

கதை இதுதான். சித்தப்பா மைக்செட் கடை வச்சிருக்காரு, லீவு நாள்ல நானும் கூடப் போவேன். அன்னைக்கு எங்க வேலை நாலு டாப் ஸ்பீக்கர், எட்டு பேஸ் பின் (அடிச்சத்தத்துக்கான பெரிய பெட்டி), ஒரு ஜெனரேட்டர், அவ்வளவுதான். டிஜே வெளியூரு. பெரிய வீட்டு முகப்புல டெக்கைப் போட்டுட்டு அவரு ஆரம்பிச்சாரு, நான் ரெண்டாம் கட்டுல ஒயரைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். பத்தரை மணி வாக்குல ஒரு ஹவுஸ் ட்ராக் வருது, கிக்கு நாலு நாலா போயிட்டு இருக்கு, பேஸ் உருளுது, திடீர்னு எல்லாம் நின்னு போய் ஒத்தை நாயனம் (நாதஸ்வரம்தான்) மட்டும் கிளம்புது பாருங்க, தூண்ல சாஞ்சு நின்னவன் அப்படியே நிமிந்துட்டேன். அது தேஞ்ச சேம்பிள் பேக் நாயனம் இல்ல, யாரோ நெஜமா மூச்சுப் பிடிச்சு ஊதுனது.

முடிஞ்சதும் போய்க் கேட்டேன். "அன்ரிலீஸ்டு ப்ரோ"ன்னு சிரிச்சுட்டு ஹெட்போனை மாட்டிக்கிட்டாரு. சரி, பாட்டுப் பேரை மறைக்கிறது புதுசா வந்த பழக்கமும் இல்ல. ஜமைக்கா சவுண்ட் சிஸ்டம்காரங்க அந்தக் காலத்துலயே ரிக்கார்டு லேபிளைச் சுரண்டிட்டுத்தான் வாசிப்பாங்களாம், எதிர் செட்டுக்காரன் பேரைப் பாத்துட்டா அடுத்த வாரம் அவனும் அதையே போட்டுருவான்னு. நியாயம்தான், ஆனா எனக்கு வயித்தெரிச்சல் தீரல.

கையில இருந்தது 47 செகண்ட் போன் ரிக்கார்டிங். அதுவும் எப்படி? எங்க பேஸ் பின்னே போன் மைக்கைக் கிழிச்சு வச்சிருக்கு. ஆத்தங்குடிக் கல்லு தரை, முட்டை வெள்ளைக்கருச் சுண்ணாம்பு பூசுன வழவழ சுவரு, ரெண்டும் சேந்து ஹை சத்தத்தை விடாம திருப்பி அனுப்புது. போதாததுக்கு ஒரு ஆச்சி "சாப்பாட்டுக்கு வாங்கப்பா"ன்னு நடுவுல கூப்பிடுறாக. 150 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டி எடுத்தேன், கொஞ்சம் தெளிஞ்சுச்சு. ஆச்சி குரலை ஒண்ணும் பண்ண முடியல. அது அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

அடுத்து எல்லாரும் பண்றதுதான், பாட்டு கண்டுபிடிக்கிற ஆப்புல போட்டேன். இல்ல. ட்ராக்லிஸ்ட் சைட்டுகள்ல அந்த டிஜேவோட பழைய செட் எல்லாத்தையும் பாத்தேன், அந்த இடத்துல வந்து சரியா 'ஐடி - ஐடி'ன்னு, அதாவது பேரு தெரியலன்னு நிக்குது. டிஜேக்கள் பாட்டு வாங்குற பீட்போர்ட் சைட்டுல நாயனம், ஷெனாய், ஓபோன்னு என்னென்னமோ அடிச்சுப் பாத்தேன், அதைப் பத்திப் பேசவே வேண்டாம்.

இப்ப என்னைத் தூங்கவிடாம பண்ண விஷயத்துக்கு வர்றேன். வேகம்.

இந்த ஆப்பெல்லாம் பாட்டை நம்மளை மாதிரி கேக்குறதில்ல. ஸ்பெக்ட்ரோகிராம்ல, அதாவது சத்தத்தோட படத்துல, எந்தெந்த ஹெர்ட்ஸ்ல உச்சம் இருக்கு, ஒரு உச்சத்துக்கும் அடுத்ததுக்கும் எவ்வளவு நேர இடைவெளின்னு புள்ளி புள்ளியா எடுத்து வச்சுத்தான் பொருத்திப் பாக்குது. அதனாலதான் கூட்டச் சத்தம், எதிரொலி, ஆச்சி குரலு எல்லாத்தையும் தாண்டிக்கூட புடிச்சிரும். ஆனா டிஜே பிட்ச் ஃபேடரை (பாட்டோட வேகத்தை மாத்துற பட்டன்) நகத்துனா புள்ளி எல்லாமே இடம் மாறிப் போயிருது. என் அனுபவத்துல ஒண்ணு, ஒன்றரை சதவீதம்னா சில நேரம் மாட்டும், மூணைத் தாண்டுனா கதை முடிஞ்சுது. ஆப்பு மேல தப்பு இல்ல, அதுக்குக் குடுத்த சரக்கு வேற.

சரி, அப்ப வேகத்தைத் திருப்பிப் பழைய இடத்துக்குக் கொண்டு வந்துட்டா போதும்ல? அங்கதான் ரெண்டு மாசம் வீணாப் போச்சு. ரெக்கார்ட்பாக்ஸ்ங்கிற டிஜே சாஃப்ட்வேர்ல போட்டா 128ன்னு பிபிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை அடி) சரியா நிக்குது. ஒரிஜினல் 122ஆ, 124ஆ, 126ஆன்னு தெரியாது. சத்தத்தை எடிட் பண்ற ஆடாசிட்டியில மூணு கருவி இருக்கு, ஒண்ணு டெம்போவை மட்டும் மாத்தும், ஒண்ணு சுருதியை மட்டும் மாத்தும், இன்னொண்ணு ரெண்டையும் சேத்து மாத்தும். இந்தக் காலத்துல எவன் மாஸ்டர் டெம்போவை (வேகம் மாறுனாலும் சுருதி மாறாம வைக்கிற வசதி) ஆஃப் பண்ணி வாசிக்கிறான்னு ஒரு திமிருல, டெம்போவை மட்டுமே மாத்திக்கிட்டு இருந்தேன். மைனஸ் எட்டுல இருந்து ப்ளஸ் எட்டு வரைக்கும், அரை அரை சதவீதமா, 32 ஃபைல். ஒவ்வொண்ணையும் லேப்டாப்புல ஓட விட்டு போனைப் பக்கத்துல வச்சு, ஒவ்வொண்ணுக்கும் 'கிடைக்கல', 'கிடைக்கல'. பக்கத்து ரூம்ல தம்பி பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு இருந்தவன் "அண்ணே, அந்த பீப்பியை நிறுத்துறியா இல்லையா"ன்னு கதவைத் தட்டிட்டான்.

அதுக்குள்ள மாசி, பங்குனி வந்துருச்சு. மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா, சுத்துப்பட்டி ஊரு கோயில் எல்லாம் வரிசையா, மைக்செட்டுக்காரன் வீட்டுல பொறந்தவன் அந்த ரெண்டு மாசம் மனுஷனே இல்ல. ஃபைல் எல்லாம் அப்படியே கிடந்துச்சு.

சித்திரையில தேவகோட்டைப் பக்கம் ஒரு கோயில் வேலை. அங்க நாயனம் வாசிக்க வந்த ஐயா ஒருத்தரு, அறுபத்தஞ்சு வயசு இருக்கும், எங்க சித்தப்பாவுக்குப் பழக்கம். மைக்கு வைக்கும்போது சும்மா பேச்சுக்கு, "ஐயா, இதைக் கொஞ்சம் கேளுங்களேன், யாரு வாசிச்சதுன்னு தெரியுதா"ன்னு ஹெட்போனை நீட்டுனேன். மாட்ட மாட்டேன்னுட்டாரு. ஸ்பீக்கர்ல போடச் சொல்லிக் கேட்டாரு. நாயனத்துல வச்சு ஊதுற சீவாளியைத் தொடைச்சுக்கிட்டே மூணு தடவ கேட்டுட்டு, மூஞ்சியைச் சுளிச்சாரு.

"ஏப்பு, சுருதியே இல்லாம இருக்கு?"

"எல்லாம் சுருதியாத்தானே ஐயா இருக்கு?"

"அதுக்குள்ள அது சேந்திருக்கு. வெளியில எதோடயும் சேராது. இந்தா பாரு."

தன்னோட சுருதிப் பெட்டியை எடுத்தாரு. ரெண்டரைக் கட்டை (கட்டைங்கிறது சுருதியோட அளவு) வச்சாரு, சேரல. மூணு வச்சாரு, சேரல. பக்கத்துல இருக்கிற சின்னக் குமிழைத் திருப்பித் திருப்பி ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடத்துல கொண்டு வந்து நிறுத்துனாரு, அப்படியே ஒட்டிக்கிச்சு. "பாரி நாயனம். ரெண்டரையிலதான் வாசிச்சிருப்பான். உன் மிஷின்காரன் தூக்கிட்டான், பாரு, தொண்டை மெலிஞ்சு போச்சு."

எனக்கு அங்கயே வெக்கமாப் போச்சு. மாஸ்டர் டெம்போ ஆன்ல இருந்திருந்தா சுருதி நகந்திருக்கவே கூடாது. நகந்திருக்குன்னா அது ஆஃப். 32 ஃபைல், ரெண்டு மாசம், எல்லாம் தப்பான கருவி.

வீட்டுக்கு வந்து ட்யூனர் ஆப்புல பாத்தேன், ஆதார ஸட்ஜம், அதாவது அடிப்படை 'ஸ', 321 ஹெர்ட்ஸ். ரெண்டரைக் கட்டைன்னா 311. அரைச் சுரம் முழுசா ஏறணும்னா வேகம் கிட்டத்தட்ட 6 சதவீதம் ஏறணும், இங்க ஏறியிருக்கிறது அதுல பாதிக்குக் கொஞ்சம் மேல, அதாவது 3.2. எலக்ட்ரானிக் ட்ராக் பண்றவங்க பெரும்பாலும் பிபிஎம்மை முழு எண்ணாத்தான் வைப்பாங்க. 128ஐ 124ஆல வகுத்துப் பாருங்க, 1.032. 125ன்னா 2.4 வரும், 123ன்னா 4 வரும், ரெண்டும் ஐயா சொன்ன சுருதியோட ஒத்துப் போகல. 124 மட்டும்தான் உக்காருது. நாயனக்காரரு காதும் கால்குலேட்டரும் ஒரே இடத்துல வந்து நின்ன அந்த நிமிஷம் இருக்கே, ட்ராக் கிடைச்சதை விட அதுதான் எனக்குப் பெருசாத் தெரிஞ்சுது.

ஒரு சின்ன எச்சரிக்கை, நானே இதுல வழுக்கியிருக்கேன். 3.2 ஏத்துனதை இறக்கணும்னா மைனஸ் 3.2 போடக்கூடாது. 124ஐ 128ஆல வகுத்தா 0.96875, அதாவது மைனஸ் 3.125. இந்த அளவுக்கு வித்தியாசம் சின்னதுதான், ஆனா ப்ளஸ் 8ல ஓடுன ட்ராக்குக்கு மைனஸ் 8 போட்டீங்கன்னா அரை சதவீதத்துக்கு மேல தள்ளிப் போயிருவீங்க, மைனஸ் 7.4தான் சரி.

அப்புறமும் உடனே மாட்டல. நாயனம் வர்ற இடத்தைக் குடுத்தா இல்லைங்குது, கிக்கு மட்டும் ஓடுற இடத்துலயும் இல்லைங்குது. பிரேக் ஆரம்பிச்சு நாயனம் வர்றதுக்கு முன்னாடி ஒரு ஒம்போது செகண்ட் பேட் (பின்னணியில நீளமா இழுக்குற சிந்தசைசர் சத்தம்) மட்டும் இழுக்குது, அதை மட்டும் வெட்டி லூப் பண்ணி ஓட விட்டேன். பொசுக்குன்னு வந்து நின்னுச்சு பேரு. பேண்ட்கேம்ப் சைட்டுல பாட்டு விக்கிற ஒரு குட்டி லேபிள், உடனே வேவ் ஃபைலா வாங்கியாச்சு.

பேரு என்னன்னு கேக்குறீங்களா? சொல்ல மாட்டேன். ஆடி மாசம் ஒரு பிரெண்டு வீட்டு விசேஷத்துல நான் வாசிக்கிறேன், அதுக்கப்புறம் சொல்றேன். மேல அந்த டிஜேவைப் பத்திப் பொலம்புனதெல்லாம் அப்படியே இருக்கட்டும், அழிக்கல.

வாங்குறதைப் பத்திச் சொல்லும்போது ஞாபகம் வருது, போன மாசம் 'ரீமிக்ஸ் பேக், 320'ன்னு (உசத்தித் தரமான எம்பி3ன்னு அர்த்தம்) ஒருத்தர்கிட்ட காசு குடுத்து வாங்கி ஏமாந்தேன். போன்ல கேட்டா நல்லாத்தான் இருக்கு, டாப்புல போட்டதும் சிம்பல் எல்லாம் மணலைக் கொட்டுன மாதிரி இருக்கு. சத்தத்தைப் படமாக் காட்டுற ஸ்பெக் சாஃப்ட்வேர்ல திறந்து பாத்தா 16 கிலோஹெர்ட்ஸ்ல கத்தி வச்சு வெட்டுன மாதிரி நிக்குது, தரம் கம்மியான 128 கேபிபிஎஸ் ஃபைலை 320ஆ மாத்தி வித்திருக்காங்க. வாங்குன கையோட ஸ்பெக்ல ஒரு தடவ பாத்துருங்க, அம்புட்டுதான் சொல்வேன்.

இன்னொரு பக்கம் முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடைகள்ல நாயன ரிக்கார்டு தேட ஆரம்பிச்சிருக்கேன். கதவு, தூணு, பீங்கான்னு கேட்டா ஓடி வந்து காட்டுவாங்க, இசைத்தட்டுன்னா "அந்த மூலையில கிடக்கும் பாரு தம்பி"ங்குறாங்க. மூணு வாங்குனேன், ரெண்டு வளைஞ்சு போயிருக்கு. இந்த ஊருல இசைத்தட்டுக்குப் பஞ்சம் இருக்கக் கூடாது. ஏவி. மெய்யப்பன் படம் எடுக்குறதுக்கு முன்னாடி ரிக்கார்டு வியாபாரம் பண்ண காரைக்குடிக்காரரு, யுத்த காலத்துல ஸ்டூடியோவையே இங்க கொண்டாந்து வச்சவரு. ஏதோ ஒரு பரண்ல நல்ல தட்டு கிடக்கும்னு நம்பித்தான் சுத்துறேன். பாம்பேயில சரண்ஜித் சிங் 1982லயே ரோலண்ட் 303 பேஸ் மிஷின், 808 டிரம் மிஷின் ரெண்டையும் வச்சு பத்து ராகத்தை வாசிச்சு எல்பி போட்டாரு, யாரும் கண்டுக்கல, 2010ல மறுபடி வெளியிட்டப்பதான் உலகமே திரும்பிப் பாத்துச்சு. பரண்ல என்ன கிடக்குன்னு யாருக்குத் தெரியும்.

இப்ப அந்த மீதிப் பாதி. வாங்குன ட்ராக்கை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் கேட்டேன், நாயனமே இல்ல! ஆக, எவரோ நாயனத்தை மேல ஏத்தி எடிட் பண்ணி ஒரே ஃபைலா வச்சிருக்காங்க, அதனாலதான் ரெண்டும் சேந்தே மேல ஏறியிருக்கு. நாயனம் யாரு வாசிச்சது, எந்தத் தட்டு, எந்த வருஷம், ஒண்ணும் தெரியல. ஸ்டெம் பிரிச்சு, அதாவது குரல், டிரம், பேஸ்னு தனித்தனியாப் பிரிச்சுப் பாத்தேன், அதைப் பண்ற டெமக்ஸ் சாஃப்ட்வேருக்கு நாயனம்னா என்னன்னே புரியல போல, பாதியை வோக்கல்ஸ்ல போடுது, மீதியை 'அதர்'ல தள்ளுது.

ஐயாகிட்ட போன வாரம் மறுபடி போனேன், மைனஸ் 3.125ல இறக்குன ஃபைலோட. இந்தத் தடவ சுருதிப் பெட்டி ரெண்டரையில அப்படியே சேந்துச்சு. கேட்டுட்டு, "மல்லாரிடா இது, கம்பீரநாட்டை. சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிறதைத் தூக்கி ஆட்டத்துக்கு வச்சிருக்கானே"ன்னு கோவப்பட்டாரு. ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்புறம் "திரும்பப் போடு"ன்னாரு. போட்டேன். தொடையில தாளம் போட்டுக்கிட்டே கேட்டவரு, "மல்லாரி வேண்டாம். வேற ஒண்ணு நான் வாசிச்சுத் தர்றேன், உன் டொக்கு டொக்கு எனக்குப் பின்னால வரணும், நான் அதுக்குப் பின்னால வர மாட்டேன்"னு சொல்லிட்டாரு.

அதான் இப்ப ஓடுது. கடை மாடியில அவரையும் அவரு தவில்காரரையும் உக்கார வச்சு பதினோரு நிமிஷம் எடுத்தாச்சு. வேகம் மாறாம இருக்க காதுல டிக் டிக்னு அடிக்கிற கிளிக் டிராக்கைக் கேக்க ரெண்டு பேரும் ஒத்துக்கல. 118 பிபிஎம்ல ஆரம்பிச்சு, தவில் சூடு புடிச்சதும் 131க்குப் போயி, நடுவுல காப்பி வந்ததும் 124க்கு இறங்குது. ஏபிள்டன்ங்கிற மியூசிக் சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு ஆவர்த்தனத்துக்கும் (தாளத்தோட ஒரு முழுச் சுத்து) ஒரு வார்ப் மார்க்கர், அதாவது அடி விழுற இடத்துக்கு ஒரு குறி, கையால வச்சுக்கிட்டு வர்றேன், நாயனத்தை மிஷினோட சீரான கிரிட்டுக்கு இழுக்காம கிக்கை நாயனத்துக்கு இழுத்து. இதுவரைக்கும் பதினாறு ஆவர்த்தனம் முடிஞ்சிருக்கு. பதினேழாவதுல தவில்காரரு ஒரு தீர்மானம் (முடிக்கிறதுக்கு வாசிக்கிற தாளக் கணக்கு) வச்சிருக்காரு, அதுக்குள்ள தாளத்தோட முதல் அடி எங்க விழுதுன்னு நானும் மூணு நாளா எண்ணிக்கிட்டே இருக்கேன்.