தோள்பட்டைக் கணக்கு

எங்கள் தளத்தில் ‘பிரேக்’ என்றால் ஓய்வு என்று அர்த்தமில்லை. ஒரு பக்கக் கணக்கில் இருக்கும், மறுபக்கத்தில் இருக்காது, அப்படியான பதிவுக்குப் பெயர்தான் பிரேக். ஏடிஎம்மில் பணம் வரவில்லை, ஆனால் வாடிக்கையாளர் கணக்கில் கழிந்துவிட்டது என்றால் அது ஒரு பிரேக். இயந்திரத்தைத் திறந்து எண்ணினால் ஐந்நூறு ரூபாய் கூடுதலாக இருக்கிறது, அதுவும் பிரேக். காலையில் இத்தனை என்று தொடங்கி, சாயங்காலம் எத்தனை குறைந்தது என்று பார்ப்பதோடு எங்கள் நாள் முடியும். மும்பை பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நாலாவது மாடியில், ஒரு வங்கியின் ரீகன்சிலியேஷன், அதாவது இரு பக்கக் கணக்கையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பிரிவில், பதினாறு வருடங்களாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

இந்த வேலைக்குள் கடிகாரம் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. ஏடிஎம்மில் பரிவர்த்தனை தோற்றுப்போய்ப் பணம் கழிந்திருந்தால், வங்கி அதை ஐந்து நாளுக்குள் தானாகவே திருப்பிப் போட வேண்டும். தவறினால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். நியாயமான விதி. தென்காசியில் என் அம்மாவின் பென்ஷன் பணம் ஒருமுறை இப்படி மாட்டிக்கொண்டு மூன்றாம் நாள் தானாக வந்து சேர்ந்தபோது, அந்த விதியை எழுதியவர் நன்றாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஐந்தாம் நாள் சாயங்காலம் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவளுக்கு வாழ்த்த நேரமிருக்காது.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். எங்களிடம் ‘மேக்கர், செக்கர்’ என்று ஒரு முறை உண்டு. ஒருவர் பதிவைப் போடுவார், இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தருவார். போட்டவரே ஒப்புதல் தர முடியாது. நான் செக்கர். 312 பேருக்குப் பணம் திருப்பிப் போடும் ஃபைலை என் குழுப் பையன் ஏற்றினான். திரை உறைந்துவிட்டது. ஏறவில்லை என்று நினைத்து, பெயரில் ஒரு எண்ணை மாற்றி மறுபடி ஏற்றினான். பெயர் வேறாக இருந்ததால் மென்பொருள் தடுக்கவில்லை. இரண்டும் என் வரிசைக்கு வந்தன. முதலாவதைத் திறந்தேன், மொத்தத்தைப் பார்த்தேன், அழுத்தினேன். இரண்டாவதையும் திறந்தேன், பார்த்தேன், அழுத்தினேன். இரண்டு மொத்தமும் பைசா பிசகாமல் ஒன்றுதான் என்பதைக் கண் பார்த்தது. நான் பார்க்கவில்லை.

ராத்திரி எட்டரைக்குத்தான் தெரிந்தது. அதற்குள் பாதிப் பேர் பணத்தை எடுத்திருந்தார்கள். மீதிக் கணக்குகளில் அந்தப் பணத்தை எடுக்க முடியாதபடி ஹோல்ட் போட்டு, அடுத்த மூன்று வாரம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஐயா தவறுதலாக வந்த பணம், தயவுசெய்து... அந்தத் தொலைபேசி உரையாடல்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து நிர்வாகம் ‘வெல்னஸ்’ திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. எங்கள் பிழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். புதன்கிழமைதோறும் நாற்பது நிமிடம், எட்டு வாரம், மனப்பயிற்சி. அதோடு ஒரு செயலிக்கு ஒரு வருடச் சந்தா இலவசம். பெங்களூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். முப்பது வயதிருக்கும், நல்ல மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். வெண்கலக் கிண்ணம் ஒன்றைத் தட்டிவிட்டு, எல்லோர் கையிலும் ஒரு உலர்ந்த திராட்சையை வைத்தார். அதைப் பார்க்க வேண்டும், தடவ வேண்டும், முகர வேண்டும், கடைசியில்தான் கடிக்க வேண்டும். பக்கத்தில் இருந்த பாட்டீல் மேடம் மராத்தியில் என் காதில், “இதுக்குள்ள நான் நாலு பிரேக் முடிச்சிருப்பேன்” என்றார்.

சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்தேன். என் சுபாவம் அது, மூல ஆவணத்தைப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டேன். திராட்சைப் பயிற்சி 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியோடு வந்தது. அவரிடம் அனுப்பப்பட்டவர்களில் பலர் தீராத வலிக்காரர்கள், மருத்துவத்தால் இனிப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்ற நிலையில் இருந்தவர்கள். அவர்களுக்கு அவர் வலி போகும் என்று சொல்லவில்லை, வலியைக் கவனிக்கச் சொன்னார். ஆக, இலக்கைத் தொடுவதற்காகக் கண்டுபிடித்த சமாச்சாரம் இல்லை இது. அது எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் இன்னொன்று படித்தேன். 2010இல் ஹார்வர்டைச் சேர்ந்த இருவர், கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும், 2,250 பேரிடம் கைபேசி வழியாக அவ்வப்போது கேட்டார்கள்: இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது, எப்படி உணர்கிறீர்கள்? கேட்ட தடவைகளில் 46.9 விழுக்காடு, மனம் கையில் இருந்த வேலையில் இல்லை. அலைந்த நேரங்களில் மகிழ்ச்சியும் குறைவு. அந்த வெள்ளிக்கிழமை நான் எங்கே இருந்தேன் என்று யோசித்தேன். மாமியாரின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருந்தேன், மகனின் பத்தாம் வகுப்புக் கணக்கில் இருந்தேன், மேலாளரின் மதிய மெயிலில் இருந்தேன். மேக்கர் பக்கம் மனசு எதையோ போட்டுக்கொண்டே இருக்கிறது. செக்கர் நாற்காலி காலி.

சரி, உட்கார்ந்துதான் பார்ப்போமே என்று தொடங்கினேன். எங்கே உட்காருவது? டோம்பிவிலியில் இரண்டு அறை வீடு, ஐந்து பேர். ஆகவே ரயிலில். பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டாலும், தானேயில் இறங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் உட்கார இடம் கிடைக்கும். அங்கிருந்து குர்லா வரை மூச்சைப் பார்ப்பேன். பக்கத்துப் பெட்டியில் தாளம் தட்டி பஜனை நடக்கும், ஊக்கும் பொட்டும் விற்பவள் என் முழங்காலைத் தாண்டிப் போவாள். முதல் இரண்டு வாரம் பத்து மூச்சைக்கூட முழுதாக எண்ண முடிந்ததில்லை. எனக்கெதிரே ஒரு அக்கா தினமும் மடியில் துணியை விரித்துப் பச்சைப் பட்டாணி உரிப்பார். விரல்கள் அப்படி ஒரு நிதானத்தில் போகும். இவர்தான் உண்மையான தியானக்காரி, நாமெல்லாம் காசு கொடுத்துக் கற்றுக்கொள்கிறோம் என்று நெகிழ்ந்து போய் ஒருநாள் கேட்டேன், உரிக்கும்போது மனசில் என்ன ஓடும் என்று. “மருமகளை என்ன சொல்லி மடக்கலாம்னு யோசிப்பேன்” என்றார் இந்தியில்.

இரண்டு மாதத்தில் வந்த மாற்றம் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் எனக்குப் போதுமானதாக இருந்தது. ஒப்புதல் பட்டனை அழுத்துவதற்கு முன் ஒரு மூச்சு விடுகிறேன். அவ்வளவுதான். அந்த ஒரு மூச்சில் ஃபைலின் பெயர் கண்ணில் படுகிறது. கோபமாக மெயில் வந்தால், பதில் எழுதும் முன் காது மடல் சூடாவது தெரிகிறது. தெரிந்தால் ஒன்றும் ஆறிவிடாது, எழுதும் வாக்கியம் மட்டும் கொஞ்சம் குட்டையாகிறது.

எல்லோருக்கும் இது ஒத்துவரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் ஒரு பெண், முந்தைய வருடம்தான் அம்மாவை இழந்தவள். நாலாவது வாரம் கண்ணை மூடிய இரண்டாவது நிமிடம் மூச்சு வாங்கி, கை நடுங்கி, வெளியே ஓடிவிட்டாள். பயிற்சியாளருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்படியான சமயத்தில் மனத்துக்குள் பார் என்று சொல்வதைவிட, பேச ஒரு ஆள் தேவை. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணை அவளுக்குக் கொடுத்தேன். தமிழிலும் பேசலாம். அவள் கூப்பிட்டாள், பிறகு ஒரு மருத்துவரைப் பார்த்தாள். புதன்கிழமை வகுப்புக்குத் திரும்ப வரவில்லை, நான் வற்புறுத்தவும் இல்லை.

மாட்டுங்காவில் என் பெரியப்பா இருக்கிறார். மாநிலக் கணக்காயர் அலுவலகத்தில் தணிக்கைக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதுகளில் நாசிக் பக்கம் இகத்புரி போய்ப் பத்து நாள் விபாசனா தியான முகாமில் உட்கார்ந்துவிட்டு வந்தவர். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் வாழை இலை வாங்கப் போனபோது அவர் வீட்டில் எட்டிப் பார்த்தேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “ஏ பிள்ள, ஒங்களுக்குத் திராட்சையாவது கொடுத்தான். எங்களுக்குக் காலைல நாலு மணிக்கு மணிதான் அடிச்சான்” என்றார். மூன்று நாள் மூச்சு மட்டும், அப்புறம் உடம்பின் உணர்ச்சிகள், பத்தாம் நாள் காலை வரை பேச்சு கிடையாது.

அவர் சொன்ன கதையில்தான் எனக்கு விஷயமே பிடிபட்டது. இகத்புரி மையத்தை 1976இல் தொடங்கிய கோயங்கா, பர்மாவில் பெரிய வியாபாரி. கடுமையான ஒற்றைத் தலைவலி. மார்ஃபின் ஊசி போடும் அளவுக்கு. பல நாட்டு மருத்துவர்களைப் பார்த்தும் தீரவில்லை. 1955இல் ரங்கூனில் ஊ பா கின் என்பவரிடம் போய் நின்றார். அந்த குரு துறவி இல்லை, அரசு அதிகாரி. 1948இல் பர்மா விடுதலையடைந்தபோது அதன் முதல் தலைமைக் கணக்காயர் அவர்தான். “நம்ம டிபார்ட்மென்ட்காரர்” என்றார் பெரியப்பா, சொந்தக்காரரைச் சொல்வதுபோல. ஆனால் ஊ பா கின் முதலில் மறுத்துவிட்டார். தலைவலி போக வேண்டும் என்பதற்காக என்றால் இது வேண்டாம், இது அதற்கானது இல்லை என்று. பிறகுதான் சேர்த்துக்கொண்டார். கோயங்கா 1969இல் இந்தியா வந்து நடத்திய முதல் முகாம் இதே மும்பையில்தான்.

“ஒன் ஆபீஸ்ல என்னத்துக்குக் கொடுக்கானுவ?” என்று கேட்டார். தலைவலிக்குத்தான் பெரியப்பா என்றேன். ஆபீஸின் தலைவலிக்கு.

பத்து நாள் லீவு எங்கள் பிரிவில் கனவில்தான் கிடைக்கும், இகத்புரி போக முடியவில்லை. ஆனால் அவர் கேள்வி கூடவே வந்தது. அன்றிலிருந்து ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டேன். பிரேக் பதிவேடு மாதிரியே தேதி, நேரம், இடம். ‘மாலை 6.40, வலது தோள்பட்டை காதுவரை ஏறியிருக்கிறது.’ ‘4.15, தாடை இறுகியிருக்கிறது. சாப்பாட்டுக்குப் பின் பாத்ரூம் போகவே இல்லை.’ ‘11.30, ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன்.’ ஆறு வாரம் எழுதினேன். பழக்கதோஷம், அதை எக்ஸெல்லில் போட்டுப் பக்கத்தில் அன்றன்றைய பிரேக் எண்ணிக்கையையும் போட்டேன். இரண்டும் பொருந்தின. ஆளுக்கு 150 பிரேக் தாண்டிய நாட்களிலெல்லாம் தோள்பட்டை ஏறியிருந்தது. முன்பு ஏழு பேர் இருந்த குழு, இரண்டு பேர் போனபின் ஐந்தாகவே நின்றுவிட்டது. வேலை குறையவில்லை.

களைப்பு தெரியாமல் இருப்பதற்காக நிர்வாகம் கொடுத்த பயிற்சி எனக்குக் களைப்பைத் துல்லியமாகக் காட்டிவிட்டது. முன்பெல்லாம் ரயிலில் ஏறியபின்தான் உடம்பு வலிக்கிறது என்று தெரியும். இப்போது 6.40க்கே தெரிகிறது. இதைக் கெட்ட செய்தியாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. தணிக்கையில் ஓட்டை தெரிந்தால் யாரும் தணிக்கையாளரைக் குறை சொல்ல மாட்டார்கள். (சொல்வார்கள். ஆனால் சொல்லக் கூடாது.)

தாளை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன். நடுவில் ஆயிரம் வேலை இருந்தாலும் உட்காரச் சொல்லிக் கேட்பவர், அதை மறுக்க மாட்டேன். இரண்டு ஆள் வேண்டும் சார் என்றேன். எண்களைப் பார்த்தார், தோள்பட்டை வரியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: “ஆப் யூஸ் பண்றீங்கதானே?”

பண்ணுகிறேன் என்றேன். உலக சுகாதார அமைப்பு 2019இல் ‘பர்ன் அவுட்’டை நோய்ப் பட்டியலின் கையேட்டில் சேர்த்தபோது அதை நோய் என்று சொல்லவில்லை, சரியாகக் கையாளப்படாத, நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு, தொழில் சார்ந்த நிகழ்வு என்றுதான் சொன்னது. அதைச் சொன்னேன். ஆக்ஸ்ஃபோர்டின் வில்லியம் ஃப்ளெமிங் 2024இல் வெளியிட்ட ஆய்வையும் சொன்னேன். பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,000க்கும் மேற்பட்ட ஊழியர்களின் பதில்களை வைத்துப் பார்த்ததில், இப்படியான தனிநபர் பயிற்சிகளிலும் செயலிகளிலும் சேர்ந்தவர்கள், சேராதவர்களைவிட நலமாக இருந்ததாகத் தெரியவில்லை. ஆளும் நேரமும் வேலையின் அமைப்பும்தான் மாற வேண்டும் என்கிறார் அவர். எனக்குப் பயிற்சி உதவியது சார், அது உதவியதால்தான் இந்தத் தாளோடு வந்திருக்கிறேன் என்றேன். பேசும்போது காது மடல் சூடானதைக் கவனித்தேன். ஒரு மூச்சு விட்டேன். குரல் நடுங்கவில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு ஆள் வந்தாள். ஒப்பந்தத்தில், உல்ஹாஸ்நகரிலிருந்து, இருபத்து நாலு வயது. இரண்டாவது ஆள் ‘பரிசீலனையில்’ இருக்கிறது. நோட்டை இன்னும் எழுதுகிறேன். தோள்பட்டை வாரத்தில் இரண்டு நாள் இறங்கியிருக்கிறது, மூன்று நாள் ஏறியிருக்கிறது.

போன வாரம் மனிதவளத் துறையிலிருந்து மெயில் வந்தது. மனப்பயிற்சியின் இரண்டாம் கட்டம், ‘ஆழ்ந்த அமைதி’ என்று தலைப்பு, அனைவரும் கலந்துகொள்ள வேண்டும். நாள் 31ஆம் தேதி, மாலை ஐந்து மணி. மாதக் கடைசி, க்ளோஸிங். ஒரு மூச்சு விட்டுவிட்டு ‘டிக்ளைன்’ அழுத்தினேன்.