ரோம் சமையலறைக் குறிப்புகள்: ஆர்டிசோக் பருவம்

மார்ச் 4

ரோம் சந்தைகளில் ஆர்டிசோக்கின் (பூ விரியும் முன்பே பறித்துச் சமைக்கும் மொட்டு) ரொமனெஸ்கோ ரகம் குவிந்து கிடக்கிறது. உருண்டையாக, முள் இல்லாமல், ஊதா ஓடிய பச்சையில் இருக்கும். நடுத்தண்டின் நுனியில் முதலில் வரும் மொட்டுக்கு சிமரோலோ என்று பெயர். அதுதான் பெரிது, விலையும் கூட. பாஸ்தாவுக்குப் பக்கக் கிளையில் வரும் சிறியவையே போதும். கையில் எடுத்தால் கனக்க வேண்டும், மடல்கள் இறுகி மூடியிருக்க வேண்டும், அழுத்தினால் கிரீச்சென்று சத்தம் வர வேண்டும். தண்டு துவண்டிருந்தால் பறித்து நாளாகிவிட்டது.

கஷ்டமெல்லாம் ஆய்வதில்தான். அது முடிந்தால் எந்த இரவுச் சாப்பாடும் முக்கால் மணி நேரத்துக்குள் ஆகிவிடும். 2 லிட்டர் தண்ணீரில் ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிமடல்களை அடியோடு ஒடித்துக்கொண்டே போய், வெளிர்மஞ்சள் தெரிந்ததும் நிறுத்த வேண்டும். ஏறக்குறைய பாதி குப்பைக்குப் போகும். மனசு வராமல் நாலு பச்சை மடலை விட்டுவைத்தால், எவ்வளவு வேகவைத்தாலும் வாயில் நாராகவே நிற்கும். மேலே மூன்றில் ஒரு பங்கை வெட்டித் தள்ளுங்கள். தண்டில் 6 செ.மீ. விட்டு, வெள்ளை தெரியும்வரை தோலைச் சீவுங்கள். தண்டை மொத்தமாக எறிவது பெரிய நஷ்டம். உள்தண்டின் ருசி அடிப்பாகத்தின் ருசியேதான். நடுவில் பஞ்சு இருந்தால் ஸ்பூனால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். பருவத் தொடக்கத்தில் ரொமனெஸ்கோவில் அது இருக்காது என்றே சொல்லலாம்.

வெட்டிய இடம் வாழைப்பூ கறுப்பதுபோலவே கறுக்கும். காரணமும் அதே: நறுக்கியதும் உள்ளிருக்கும் பினால்கள் நொதியோடும் காற்றோடும் சேர்கின்றன. புளிப்பு அந்த நொதியை அடக்குகிறது. ஆனால் அரைமணிக்கு மேல் ஊறினால் எலுமிச்சை ருசி ஏறிவிடும். இரும்புக் கத்தியும் அலுமினியப் பாத்திரமும் வேண்டாம், நிறத்தைக் கெடுக்கும், எவர்சில்வரே நல்லது.

மார்ச் 8

கார்ச்சோஃபி அல்லா ரொமானா, அதாவது ரோம் பாணி ஆர்டிசோக். நாலு பேருக்கு 4 பெரிய மொட்டுகள், பிளக்காமல் முழுதாக. 2 பல் பூண்டு, ஒரு கைப்பிடி பார்ஸ்லி, ஒரு மேசைக்கரண்டி மெந்துச்சா (புதினா போல மணக்கும் மூலிகை), உப்பு எல்லாவற்றையும் பொடியாக நறுக்கிக் கலக்க வேண்டும். மெந்துச்சா கிடைக்காவிட்டால் புதினாவை அதில் பாதி அளவு போடுங்கள்; கூடினால் புதினா மட்டும்தான் மணக்கும். மொட்டை மேடையில் கவிழ்த்து லேசாக அழுத்தினால் மடல்கள் விலகும். உள்ளே கலவையை அடைத்து, தலைகீழாக, தண்டு மேலே நிற்கும்படி பாத்திரத்தில் நெருக்கமாக அடுக்குங்கள். 100 மி.லி. ஆலிவ் எண்ணெய், 150 மி.லி. தண்ணீர். தண்ணீரில் பாதிக்கு வெள்ளை ஒயின் ஊற்றுவதும் உண்டு. நனைத்த சமையல் காகிதத்தை மேலே விரித்து மூடி, சிறு தீயில் 30 முதல் 40 நிமிடம்.

பாத்திரம் அகலமாக இருப்பதுதான் இதில் அடிக்கடி நேரும் தவறு. மொட்டுகள் சாய்ந்துவிடும், தண்ணீரும் கூடுதலாக ஊற்ற வேண்டிவரும். கடைசியில் வெறுமனே அவித்த காய்தான் மிஞ்சும். மெல்லிய கத்தி அடிப்பாகத்தில் தடையில்லாமல் இறங்கினால் வெந்துவிட்டது. தண்ணீர் மிச்சமிருந்தால் மூடியை எடுத்துவிட்டு, எண்ணெய் மட்டும் நிற்கும்வரை வற்றவிடுங்கள். வெதுவெதுப்பாகப் பரிமாறுங்கள், சுடச்சுட வேண்டாம்.

மார்ச் 13

வேலைநாள் இரவுக்குப் பாஸ்தா. இரண்டு பேருக்கு 3 சிறிய ஆர்டிசோக்கை 4 மி.மீ. கனத்தில் நறுக்கி ஈரம் ஒற்றி எடுங்கள். 3 மேசைக்கரண்டி எண்ணெய், நசுக்கிய ஒரு பல் பூண்டு. நல்ல தீயில், உப்பில்லாமல், ஓரம் சிவக்கும்வரை நாலைந்து நிமிடம் வதக்க வேண்டும். முதலிலேயே உப்புப் போட்டால் நீர்விட்டு வேகுமே தவிரச் சிவக்காது. பிறகு ஒரு கரண்டி தண்ணீர் விட்டு மூடி 8 நிமிடம். மூன்றில் ஒரு பங்கை மசித்துவிட்டால் சாறு தானே கெட்டிப்படும், கிரீம் தேவையே இல்லை.

200 கிராம் ரிகட்டோனியைப் (குழாய் வடிவப் பாஸ்தா) பொட்டலத்தில் போட்டிருப்பதைவிட 2 நிமிடம் முன்பே எடுத்து இதில் புரட்டுங்கள். 40 கிராம் பெக்கோரினோ என்ற செம்மறிப்பால் சீஸைத் துருவி, வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து, அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் கழித்துச் சேர்க்க வேண்டும். கொதிக்கும்போது போட்டால் சீஸின் புரதம் திரண்டு கட்டிகட்டியாகிவிடும். பெக்கோரினோவே உப்பு, ஆகவே பாஸ்தா வேகும் தண்ணீரில் உப்பைக் குறையுங்கள்.

மார்ச் 16

இன்னும் சுருக்கமாக வேண்டுமா? ஃபிளாரன்ஸின் தோர்தீனோ என்ற முட்டை அடை. மாவில் புரட்டிய 2 ஆர்டிசோக்கின் துண்டுகளைப் பொன்னிறமாகப் பொரித்து, அடித்த 4 முட்டையை மேலே ஊற்றுங்கள். அடி இறுகி, மேற்புறம் தளதளவென்று இருக்கும்போதே இறக்க வேண்டும். திருப்பிப் போடுவதில்லை.

மார்ச் 22

அல்லா ஜுதியா, ரோம் யூதர்களின் பொரியல். 1555-ல் போப் நான்காம் பால் அவர்களை கெட்டோ என்ற தனிக் குடியிருப்பில் அடைத்தார். இன்றும் இதைத் தேடி அந்தப் பகுதிக்குத்தான் போகிறார்கள். ஒரு காய், எண்ணெய், உப்பு, வேறொன்றும் கிடையாது. மொட்டு முழுதாக இருப்பதால் உள்ளே பூச்சி இருக்கிறதா என்று பார்க்க முடியாது, ஆகவே இது கோஷர் (யூத மத விதிப்படி உண்ணத்தக்கது) ஆகாது என்று 2018-ல் இஸ்ரேலின் தலைமை ரபினேட் என்ற யூத மத அமைப்பு சொன்னபோது, ரோம் யூதர்கள் ஏற்கவில்லை. ரொமனெஸ்கோவின் மடல்கள் இறுகி மூடியிருப்பதால் பூச்சி உள்ளே போகாது என்பதே அவர்கள் பதில்.

இரண்டு முறை பொரிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆய்ந்த முழு மொட்டுகளை நன்றாகத் துடையுங்கள். துளி ஈரம் இருந்தாலும் எண்ணெய் தெறிக்கும். முதல் முறை 140 முதல் 150 டிகிரியில் 10–12 நிமிடம், அடிப்பாகத்தில் முள்கரண்டி இறங்கும்வரை. இங்கேயே 180-க்கு ஏற்றினால் வெளியே கருகி நடு பச்சையாக நிற்கும். எடுத்துக் கவிழ்த்து எண்ணெய் வடியவிட்டு, ஆறியதும் மடல்களை விரலால் விரித்துவிடுங்கள். இதைக் காலையிலேயே முடித்து வைக்கலாம். சாப்பிடும் நேரத்தில் 180 டிகிரியில், தலைகீழாக அழுத்திப் பிடித்து ஒன்று, ஒன்றரை நிமிடம். மடல்கள் மொறுமொறுப்பாகி, நடு வெண்ணெயாக இருக்கும்.

ஏப்ரல் 9

விஞ்ஞரோலா என்ற வசந்தகாலக் காய்க் கூட்டு சமைக்க இதுதான் நேரம்: ஆர்டிசோக், அகன்ற அவரை, பட்டாணி மூன்றும் இளசாகச் சேர்ந்து கிடைப்பது சில வாரங்களே. 80 கிராம் குவான்சாலே என்ற பன்றித்தாடைக் கறியின் கொழுப்பை உருக்கி, அதில் 3 வெங்காயத்தாள், எட்டாகப் பிளந்த 4 ஆர்டிசோக். கறி வேண்டாதவர்கள் எண்ணெயிலேயே செய்யலாம். தண்ணீர் தெளித்து மூடி 10 நிமிடம். பிறகு தோலுரித்த அவரை 300 கிராம், ஐந்து நிமிடம் கழித்துப் பட்டாணி 300 கிராம், கடைசியில் நறுக்கிய ரோமைன் லெட்யூஸ். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் ஆர்டிசோக் வேகும் முன்பே பட்டாணி குழைந்துவிடும்.

மே 20

ரோமில் பருவம் முடிகிறது. இனி உறைநிலைத் துண்டுகள்தான். அவற்றைக் கரையவிடாமல் நேரே சூடான எண்ணெயில் போடுங்கள்; கரைந்தால் சொதசொதவென்றாகிவிடும். உப்புநீர் டப்பாவில் வருவதில் புளிப்புச் சேர்ந்திருக்கும். கழுவிப் பிழிந்தால் பீட்சாவுக்கும் தோர்தீனோவுக்கும் நன்றாக இருக்கும். எண்ணெயில் ஊறிய ஜாடி வகை வினிகரில் வெந்தது. அதைச் சமைக்காமல் ரொட்டியோடு அப்படியே வையுங்கள். ரிசோட்டோ என்ற குழைந்த அரிசிச் சாதத்தில் போட்டால் வினிகர் மட்டும்தான் தெரியும்.