அடகுக் கவுன்டரில் ஐம்பது வயது

வெள்ளவத்தையில் ஒரு வங்கிக் கிளையின் அடகுப் பகுதியில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். நகையை உரைகல்லில் உரசி, அமிலம் விட்டுப் பார்த்து, நிறுத்து, எத்தனை கரட் என்று கணித்துப் பெறுமதி சொல்ல வேண்டும். எதிரே இருப்பவர் பெரும்பாலும் ஒரு பெண். பிள்ளையின் டியூஷன் காசுக்கோ, வீட்டில் ஒருவரின் ஒப்பரேஷனுக்கோ தாலிக்கொடியைக் கொண்டுவந்திருப்பார். அவருக்கு முன்னால் நம் கை நடுங்கக் கூடாது, கணக்கும் பிசகக் கூடாது. 48 வயதுக்குப் பிறகு எனக்குச் சிரமமாகிப்போனவை இந்த இரண்டும்தான்.

மாதவிடாய் நிற்கப்போகும் வயதில், அது ஒழுங்கு தவறத் தொடங்கிய காலத்தில்தான் அந்தத் திடீர்ச் சூடும் வந்தது. நெஞ்சில் தொடங்கிக் கழுத்து, முகம் என்று ஏறும். பிறகு வேர்த்துக் கொட்டும். ஏசிக்குக் கீழே இருந்தால் உடனே குளிரெடுக்கும். சில நிமிஷத்தில் அடங்கிவிடும்தான், ஆனால் அதற்குள் நெற்றி வியர்வை உரைகல்லில் விழுந்துவிடும். பெட்டகத்துக்குள் நிற்கும்போது வந்தால் இன்னும் மோசம். இரண்டு சாவி, இரண்டு உத்தியோகத்தர் என்பது விதி. ஒருவர் இடையில் வெளியே போக முடியாது. ஜன்னல் இல்லாத அந்த அறையில் நகைப் பொதிகளைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றவர் சரிபார்த்து முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

இந்த வயதில் ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் குறையும்போது, உடற்சூட்டைக் கவனிக்கும் மூளைப் பகுதி பொறுமை இழந்துவிடுகிறது. முன்பு கண்டுகொள்ளாமல் விட்ட சிறு சூட்டுக்கும் இப்போது இரத்தக்குழாய்களை விரித்து வியர்வையைத் திறந்துவிடுகிறது. கொழும்பின் ஏப்ரல் வெக்கையில் அதற்குக் காரணம் தேடவே தேவையில்லை.

இதைவிட என்னை வாட்டியது இரவுதான். நனைந்த உடுப்போடு விடியப்புறம் எழும்பினால் அதற்குப் பிறகு நித்திரை இல்லை. தெஹிவளையில் 100ஆம் இலக்க பஸ் ஏறி, கண் எரிய வந்து கவுன்டரில் இருந்து, ஒரே தொகையைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்ப்பேன். மற்றவருடைய தங்கம் கையில் இருக்கும்போது அந்தப் பயம் லேசானதல்ல. “எல்லாருக்கும் வாறதுதானே பிள்ளை, இதுக்குப் போய் மருந்தா?” என்றார் அம்மா. அம்மாவுக்கு மத்தியானத்தில் ஒரு பாயைப் போட்டுச் சரியவாவது முடிந்தது. எனக்கு மாலை வரை கவுன்டர்.

லீவு எடுக்கலாமே என்பார்கள். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி சுகவீனத்துக்கும் சொந்த அலுவலுக்கும் சேர்த்து வருடத்துக்கு 7 நாள் லீவு. பிரசவத்துக்கு 84 வேலை நாள் உண்டு. பெண்ணின் உடம்பு பிள்ளை பெறும் வயதோடு முடிந்துவிடுவதில்லை, ஆனால் சட்டத்தின் கவனம் அதோடு முடிந்துவிடுகிறது. வருடக்கணக்கில் நீளக்கூடிய ஒன்றை 7 நாளுக்குள் எப்படி அடக்குவது?

அப்புறம்தான், குறைந்துபோன ஹோர்மோனை மருந்தாகக் கொடுக்கும் ஹோர்மோன் சிகிச்சை பற்றி யோசித்தேன். வாயைத் திறந்ததும் அலுவலகத்தில் கேட்ட முதல் வார்த்தை, “ஐயோ, கென்சர் வரும்.” இந்தப் பயத்துக்கு ஒரு பிறந்த திகதி இருக்கிறது. 2002 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் ஒரு பகுதியை இடைநடுவில் நிறுத்தினார்கள். 16,608 பெண்கள், சராசரி வயது 63. ஈஸ்ட்ரஜனும், புரொஜெஸ்ட்டரோன் என்ற இன்னொரு பெண் ஹோர்மோனைப் போலச் செயற்கையாகச் செய்த புரொஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை எடுத்தவர்களில் மார்புப் புற்றுநோய் 26 வீதம் அதிகம் என்ற செய்தி உலகமெல்லாம் போனது. வட்டி வீதத்தை மட்டும் சொல்லி முதல் எவ்வளவு என்று சொல்லாவிட்டால் வங்கியில் யாரும் கையெழுத்து வைக்க மாட்டோம். இங்கே முதல் என்ன? மாத்திரை எடுக்காத 10,000 பெண்களில் வருடத்துக்கு சுமார் 30 பேர். எடுத்தவர்களில் 38 பேர். அந்த 8 பேரும் மனிதர்கள், அவர்களை நான் கணக்கிலிருந்து தள்ளவில்லை. பக்கவாதமும் இரத்தக் கட்டியும்கூடக் கூடின. இடுப்பு எலும்பு முறிவு குறைந்தது. ஆனால் 63 வயதுக்காரரின் ஆபத்தை அப்படியே 50 வயதுக்காரியின் தலையில் வைப்பது சரியல்ல. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களில் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம் என்பதுதான் அதற்குப் பிறகு மருத்துவ உலகம் வந்து சேர்ந்த இடம்.

சனல் பண்ணிப் பார்த்த வி.ஓ.ஜி. (மகப்பேற்று, பெண்நோயியல்) டொக்டர் முதலில் மருந்து எழுதவில்லை, கேள்விதான் கேட்டார். மார்புப் புற்றுநோய் வந்ததுண்டா? காலில், நுரையீரலில் இரத்தம் கட்டியதுண்டா? மாரடைப்பு, பக்கவாதம், ஈரல் வருத்தம், காரணம் தெரியாத இரத்தப்போக்கு? பிரஷர் பார்த்தார், மார்புப் புற்றுநோயைத் தேடும் மெமோகிராம் படம் எடுக்கச் சொன்னார். கருப்பை இருப்பதால் ஈஸ்ட்ரஜனைத் தனியே தர முடியாது, அது கருப்பையின் உட்சவ்வைத் தடிக்கவைத்துப் புற்றுநோய்க்கு வழிவிடலாம், ஆகவே புரொஜெஸ்ட்டரோனும் வேண்டும் என்றார். தோலில் பூசும் ஜெல்லுக்கு, மாத்திரையைவிட இரத்தக் கட்டி ஆபத்துக் குறைவாகத் தெரிகிறது என்பதையும் விளங்கப்படுத்தினார். வீட்டில் வந்து யோசித்து, சரி என்று முடிவெடுத்தேன். சில வாரங்களில் இரவு திரும்பக் கிடைத்தது. வருடாவருடம் போய், தொடர்வதா நிறுத்துவதா என்று பார்க்க வேண்டும்.

எங்கள் கிளையில் இன்னொரு அக்கா இருக்கிறார். பெட்டகத்தின் மற்றச் சாவி அவரிடம்தான். அவருக்கு முன்பு மார்புப் புற்றுநோய் வந்து குணமானது; எனவே இந்தச் சிகிச்சை அவருக்கு ஆகாது. என் மருந்தை நல்லதென்று அவரிடம் சொல்வது அநியாயம், அவருடைய பயத்தை நான் வாங்கிக்கொள்வதும் அப்படித்தான். அவருடைய டொக்டர் மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஒரு வகை மாத்திரையைக் குறைந்த அளவில் கொடுத்திருக்கிறார். அது இந்தச் சூட்டையும் ஓரளவு குறைக்கும். அவருக்கு முழுதாகப் போகவில்லை, ஆனால் நித்திரை வருகிறது என்கிறார்.

எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பிரிவுகளில் 35, 45 வயதுப் பெண்களுக்கு பிரஷர், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாம் பார்க்கும் சுவநாரி கிளினிக் 1996 முதல் நடக்கிறது. அருமையான சேவை. நாற்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் அங்கே போய் இதையும் வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அலுவலகத்தில் நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பெட்டகத்துக்கு ஒரு மின்விசிறி, சீருடைச் சேலைக்கு மாற்றாகப் பருத்தி உடுப்பு, தேவைப்பட்டால் இடையில் மாற்றிவிட மூன்றாவது சாவிப் பொறுப்பாளர் ஒருவர். முகாமையாளர் மின்விசிறிக்கு உடனே ஒப்புக்கொண்டார். மற்ற இரண்டும் தலைமை அலுவலகத்தின் கையில் என்றார். அடுத்த தொழிற்சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்கப்போகிறேன். அக்காவும் என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.