சிவப்பு எரிந்தால் யாராவது பார்க்கிறார்களா?

பலர் சேர்ந்து எழுதும் மென்பொருளுக்கு ஒரு பேட்ச் (நிரலில் செய்த மாற்றங்களின் தொகுப்பு) வந்ததும், நிரலுக்குள் இறங்குவதற்கு முன், அதில் எத்தனை வேலைகள் கலந்திருக்கின்றன என்று பார்ப்பது நல்லது. ஃபங்ஷன் பெயர் மாற்றம், இடைவெளித் திருத்தம், பிழைத் திருத்தம் மூன்றும் ஒன்றாக வந்தால் பிரித்து அனுப்பச் சொல்லித் திருப்பிவிடலாம். 800 வரிகள் வெறுமனே இடம் மாறியிருக்கும்; நிரலின் போக்கை மாற்றும் 6 வரிகள் அதற்குள் ஒளிந்திருக்கும். ரிவ்யூ செய்பவர் கோட்டைவிடுவது அந்த ஆறைத்தான்.

பிரித்தாலும், வரிசையில் ஒவ்வொரு பேட்ச்சும் தனித்து பில்டு ஆகி (இயங்கும் மென்பொருளாக உருவாகி) தானியங்கி டெஸ்ட்டைத் தாண்ட வேண்டும். மூன்றாவதில் உடைந்து ஐந்தாவதில் சரியாகும் வரிசை அன்றைக்கு உறுத்தாது. பின்னால், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில், பாதி பாதியாகப் பிரித்துப் பிழையைத் தேடும் பைசெக்ட் கட்டளையை ஓட்டும்போதுதான் கடிக்கும். 1000 கமிட்டுகளில் (பதிவான மாற்றங்களில்) பிழை நுழைந்த இடத்தைச் சுமார் 10 படிகளில் பிடித்துவிடலாம். பில்டு ஆகாத கமிட்டுகளை ஸ்கிப் செய்துகொண்டே போனால் கடைசியில் சந்தேகப் பட்டியல்தான் மிஞ்சும். அனுப்பும் முன் கமிட்டுகளை வரிசையாக மறுபடி அடுக்கும் கிட் ரீபேஸை, டெஸ்ட் கட்டளை கொடுத்த எக்ஸெக் ஆப்ஷனோடு ஓட்டினால், ஒவ்வொரு கமிட்டிலும் டெஸ்ட் ஓடி, உடைந்த இடத்திலேயே நின்றுவிடும்.

மின்னஞ்சலில் பேட்ச் அனுப்பும் திட்டங்களில், போன பதிப்பிலிருந்து என்ன மாறியது என்பதை மூன்று சிறுகோடுகளுக்குக் கீழே எழுத வேண்டும். மின்னஞ்சலில் வந்த பேட்ச்சைச் சேர்க்கும் கிட் ஏஎம் கட்டளை அதைக் கமிட் செய்தியில் சேர்க்காது.

இனி, தலைவலியான விஷயம்: நிலையில்லாத டெஸ்ட். நூறு முறைக்கு ஒரு முறை காரணமின்றித் தோற்பது சின்ன விஷயமாகத் தெரியும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் அப்படி 50 இருந்தால், குறையே இல்லாத பேட்ச்சுக்கும் 100 ஓட்டங்களில் ஏறக்குறைய 40 சிவப்பாகும், அதாவது தோற்றதாகக் காட்டும். பிறகு யாரும் லாகைத் (ஓட்டத்தின் பதிவை) திறப்பதில்லை, ரீரன் பட்டனைத்தான் தேடுகிறார்கள். தானாக மூன்று முறை ஓட்டிப் பச்சையாக்கும் ஏற்பாடு இன்னும் மோசம்; நிஜமான ரேஸ் கண்டிஷனையும் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து வரும் பிழையையும்) அது மூடி மறைத்துவிடும். காரணங்கள் பெரும்பாலும் பழகியவைதான்: 'ஸ்லீப்' போட்டுக் காத்திருப்பது, போர்ட் எண்ணை நிலையாக எழுதிவைப்பது, முந்தைய டெஸ்ட் விட்டுச்சென்ற கோப்பை நம்புவது. தோற்றால் பேட்ச்சைத் தடைசெய்யும் டெஸ்ட்டுகளின் பட்டியலிலிருந்து அந்த டெஸ்ட்டை எடுத்து, பொறுப்பாளர் பெயரோடு இஷ்யூ திறந்து, தனியாக ஓடவிடலாம். பெயர் போடாவிட்டால் அது அங்கேயே கிடக்கும்.

எல்லாம் பச்சையாக இருந்தும் மெயின் கிளை (எல்லோருக்கும் பொதுவான முதன்மை நிரல்) உடைவதுண்டு. ஒரு பேட்ச் ஃபங்ஷனின் பெயரை மாற்றும். இன்னொன்று வேறு கோப்பில் பழைய பெயரையே புதிதாக அழைக்கும். கிட்டுக்கு அதில் மோதல் எதுவும் தெரியாது. பேட்ச்சுகளைச் சேர்க்கும் வரிசையில் ஒவ்வொன்றாக வைத்து, அப்போதைய மெயினோடு இணைத்த பிறகு டெஸ்ட் ஓட்டினால்தான் இது பிடிபடும். சேர்ப்பது அதனால் தாமதமாகும்தான். ஆனால் அந்தத் தாமதம், உடைந்த மெயினில் எல்லோரும் காத்துக் கிடப்பதைவிடக் குறைவு.