பூட்டை உடைக்க வேண்டாம் என்று சொன்ன நாள்

எங்கள் அலுவலகத்தில் பக்கம் வடிவமைக்கும் அக்காவுக்கு அன்றைக்கு நான் சொன்ன பதில் தவறில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன் என்று நினைக்கிறேன். ஆனாலும் யாரும் படித்துத் திருத்திப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளை இத்தனை வருஷமாக ஆதரித்துப் பேசிவரும் நானே அதைச் சொல்ல வேண்டி வந்தது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

"நாம காசு கொடுத்து வாங்கினதுதானே தம்பி? நம்ம பொருளை நாமளே திறக்கிறதுல என்ன தப்பு?" இதுதான் அவர் கேட்டது.

"நாம வாங்கினது மென்பொருளை இல்லக்கா. அதைப் பயன்படுத்திக்கிற அனுமதியைத்தான்." இதுதான் நான் சொன்னது.

இந்த வாக்கியத்தைப் பல மென்பொருள் நிறுவனங்களின் உரிம ஒப்பந்தங்களில் பார்க்கலாம். இதை எதிர்த்துத்தான் நான் இவ்வளவு நாளும் பேசியிருக்கிறேன். அன்றைக்கு அதை அவர்கள் சார்பில் அக்காவிடம் எடுத்துச் சொன்னவனும் நான்தான்.

நடந்தது அபூர்வமான சம்பவம் ஒன்றும் இல்லை. பக்க வடிவமைப்புக் கணினியின் மதர்போர்டு போய்விட்டது. புதிதாக ஒன்று மாட்டினோம். ஹார்ட் டிஸ்க் பழையதுதான், கோப்புகளும் பத்திரமாக இருந்தன. ஆனால் வடிவமைப்பு மென்பொருள் இதை வேறு கணினி என்று எடுத்துக்கொண்டு மறுபடி ஆக்டிவேட் செய்யச் சொன்னது. செய்யப்போனால் சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்றது. அந்தப் பழைய பதிப்புக்கான ஆக்டிவேஷன் சர்வரையே நிறுவனம் நிறுத்திவிட்டது என்பது வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்ட பிறகுதான் தெரிந்தது. சீரியல் எண் சரியாக இருந்தது, பில்லும் இருந்தது. புதிய பதிப்புக்குச் சந்தா கட்டிக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகவே சொன்னார்கள். அச்சுக்குப் போக வேண்டிய ஆண்டறிக்கை பாதியில் நின்றது. அந்தக் கோப்பு அந்த மென்பொருளைத் தவிர வேறு எதிலும் திறக்காது.

எங்கள் அணியில் புதிதாகச் சேர்ந்திருந்த பையன், "க்ராக் இருக்கு சார், அஞ்சு நிமிஷம்" என்றான். மென்பொருளின் பூட்டை உடைக்கும் குட்டி நிரலைத்தான் அப்படிச் சொன்னான்.

முதலில் வைரஸைக் காரணமாகச் சொன்னேன். போலிச் சீரியல் எண் தரும் கீஜென், க்ராக் என்று கிடைப்பவற்றோடு என்னென்ன சேர்ந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. அலுவலக நெட்வொர்க்கில் அதை விட முடியாது. அது உண்மையான காரணம்தான். ஆனால் அவன் உடனே, "நெட்டைப் பிடுங்கிட்டு தனி கம்ப்யூட்டர்ல போடலாமே சார்" என்றான். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அதன் பிறகு சட்டத்துக்கு வந்தேன். அப்போதுதான் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார். என் பதிலைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "பூட்டு திருடனுக்குத்தானே போடுறது? அவன் க்ராக்கைப் போட்டுட்டு நிம்மதியா வேலை பாக்குறான். நாம ஏன் தம்பி வெளியில நிக்கிறோம்?"

இதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

என் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கட்டற்ற மென்பொருளின் முக்கியமான உரிமமான ஜிபிஎல் பதிப்புரிமைச் சட்டத்தின் மேல்தான் நிற்கிறது. 1989இல் அதன் முதல் பதிப்பு வந்ததிலிருந்து இதுதான் ஏற்பாடு. நிரலைத் திருத்தி மற்றவர்களுக்குக் கொடுப்பவர் மனிதர் படித்துத் திருத்தக்கூடிய மூலநிரலையும் அதே உரிமைகளோடு கொடுத்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடிகிறதென்றால், எழுதியவரிடம் பதிப்புரிமை இருப்பதுதான் காரணம். ஒரு நிறுவனம் ஜிபிஎல் நிரலை எடுத்துத் தன் பொருளுக்குள் ஒளித்துவைத்தால் நமக்குக் கோபம் வருகிறது, வழக்குப் போடுகிறோம். அடுத்தவர் உரிமம் நமக்குத் தடையாகும் நாளில் மட்டும் ஓசைப்படாமல் மீறிவிட்டு, நம் உரிமத்தை எல்லாரும் மதிக்க வேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்பது? பூட்டுப் போட்ட மென்பொருளுக்கு க்ராக் பதில் இல்லை. அதை விட்டு வெளியேறுவதுதான் பதில். இன்னொன்றும் உண்டு. க்ராக் எளிதாகக் கிடைக்கும்வரை யாரும் வெளியேற மாட்டார்கள். திருட்டுப் பிரதி பழகிய கை கட்டற்ற மென்பொருளைத் தொடுவதே இல்லை என்பதை நான் கண்ணாரப் பார்த்திருக்கிறேன்.

இந்த வாதம் எனக்கு இன்னும் பலமானதாகத்தான் தெரிகிறது. ஆனால் அக்கா கேட்டது வேறு. எங்களிடம் ஓர் உரிமம் இருந்தது, ஒரு கணினியும் இருந்தது. நகலெடுத்து யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. யாருடைய வருமானமும் குறையப் போவதில்லை. அப்படியிருக்க, மீறல் என்று நான் எதைச் சொன்னேன்?

பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். டிஜிட்டல் பூட்டை உடைப்பதையே தனிக் குற்றமாக்கிய அமெரிக்காவின் டிஎம்சிஏ சட்டம் 1998இல் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழேயே மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எந்தெந்தப் பூட்டைத் திறக்கலாம் என்று விலக்குப் பட்டியல் ஒன்று வெளியாகிறது. 2003ஆம் ஆண்டுப் பட்டியலில், பழுதாகி மாற்றும் கிடைக்காமல் வழக்கொழிந்துபோன டாங்கிளால் (கணினியில் செருகும் சாவிக் கருவி) பூட்டப்பட்ட மென்பொருளுக்கு விலக்கு இருந்தது. அதாவது, பூட்டுகளுக்குக் காவலாக எழுதிய சட்டத்துக்கே எங்களைப் போன்றவர்களின் நிலை புரிந்திருக்கிறது. அது வேறு நாட்டுச் சட்டம், எங்களிடம் இருந்ததும் டாங்கிள் அல்ல. ஆனாலும் அதைப் படித்தபோது எனக்கு என்னவோபோல இருந்தது.

2007இல் வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பும் இந்த விஷயத்தில் அக்கா பக்கம்தான் சாய்கிறது. இந்த உரிமத்தில் வெளியிடும் மென்பொருளை வைத்துப் பூட்டுச் செய்பவர், அதை யாராவது திறந்தால் தடுக்கும் சட்ட உரிமையை விட்டுக்கொடுக்கிறார் என்று அதன் மூன்றாம் பிரிவு சொல்கிறது. அது ஜிபிஎல் மென்பொருளுக்கு மட்டும்தான் பொருந்தும்; மற்றவர்களின் பூட்டை உடைக்க அது அனுமதி தரவில்லை. இந்த வேறுபாடு எனக்குத் தெரியும். ஆனால் நான் மதிக்கும் உரிமத்தின் மனசு எந்தப் பக்கம் என்பதும் தெரிகிறதே.

அக்கா சொன்ன திருடன் கணக்குக்கு வெளியுலகத்தில் சான்றுகள் நிறைய. 2005இல் சோனி பிஎம்ஜி தன் இசைத்தட்டுகளில் நகல் தடுப்பு என்ற பெயரில் ரூட்கிட் வகை மென்பொருளை வைத்து விற்றது. கணினிக்குள் ஒளிந்துகொண்டு பாதுகாப்பையே பலவீனமாக்கியது அது. யாருக்குப் பாதிப்பு? கடைக்குப் போய்க் காசு கொடுத்துத் தட்டு வாங்கியவருக்கு. ஓசியில் இறக்கிக்கொண்டவர் கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கிய புத்தகங்கள் எல்லாம் திறக்காமல் போயின. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஓரக் குறிப்புகள் எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் கொடுத்தார்கள். கொடுத்தவரைக்கும் நல்லதுதான். ஆனால் படித்துக் குறித்து வைத்தது போனது போனதுதான். இவற்றையெல்லாம் உதாரணமாக வைத்து நான் மற்றவர்களிடம் பேசியிருக்கிறேன். எங்கள் ஆண்டறிக்கையும் அதே வரிசையில் வந்து நின்றபோது மட்டும் உரிம ஒப்பந்தத்தின் பக்கம் நின்றேன்.

இதற்குப் பின்னால் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதி உண்மையாகிவிடும்.

மறுநாள் காலையில் என் மேஜையில் ஒரு பென்டிரைவ் இருந்தது. ஆண்டறிக்கையின் எல்லாப் பக்கங்களும் பிடிஎஃப்பாக, உரை தனியாக, படங்கள் தனியாக. அதோடு நிற்கவில்லை. பழைய வேலைகளும் வருஷவாரியாகக் கோப்புறை போட்டு அதே மாதிரி பிரித்து வைக்கப்பட்டிருந்தன. திறக்காத மென்பொருளிலிருந்து இவை எப்படி வெளியே வந்தன என்று நான் கேட்கவில்லை. பையனும் சொல்லவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கிவிட்டார்.

கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்ல வேண்டி வந்திருக்கும். அலுவலகக் கணினியில் எதுவும் நடக்கவில்லை. எனக்குத் தெரிந்து எதுவும் நடக்கவில்லை. இப்படிச் சொல்லிக்கொள்ளலாம், சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். ஆனால் எங்கள் அலுவலகம் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியதைப் பற்றி யாராவது பாராட்டும்போதெல்லாம் அந்தப் பென்டிரைவ்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அது இல்லாவிட்டால் எங்களால் மாறியிருக்கவே முடியாது. பழைய கோப்புகளை வெளியே எடுக்க வழி இல்லாமல் வெறுங்கையோடு எந்த அலுவலகமும் மாறாது. வெளியேறுவதுதான் பதில் என்றேனே, அந்த வெளியேறும் வழியையே யாரோ பூட்டை நெம்பித்தான் திறந்திருக்கிறார்கள். ஒருவேளை பையனுக்குத் தெரிந்தவர் யாரிடமாவது சரியான உரிமத்தோடு அதே பதிப்பு இருந்திருக்கலாம். அப்படி நினைத்துக்கொள்ளவும் இடம் இருக்கிறது.

சரி, மாறிய கதைக்கு வருகிறேன். எழுத்து வேலைக்கு லிப்ரேஆபிஸ், படங்களுக்குக் கிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும். இவற்றில் சில நாள் முணுமுணுப்போடு எல்லாரும் பழகிவிட்டார்கள். பாரம் முழுக்க விழுந்தது அக்கா மேல்தான். பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ். அப்போது நிலையானதாக இருந்த 1.4 பதிப்பு தமிழுக்கு உதவவில்லை. 'கெ' என்று அடித்தால் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் உட்காரும். இந்திய மொழி எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வசதி 2017இல் வந்த 1.5.3இல்தான் கிடைத்தது. ஆனால் 1.5 வரிசை முழுவதுமே சோதனைப் பதிப்புகள். அன்றாட வேலைக்கு இவற்றை நம்ப வேண்டாம் என்று உருவாக்கியவர்களே எச்சரித்திருந்தார்கள். அந்த 1.5ஐத்தான் அக்காவின் அன்றாட வேலைக்கு நான் நிறுவிக் கொடுத்தேன். நிலையான 1.6 வந்தது 2024இல். நடுவில் இருந்த காலம் முழுவதும் பக்கத்துக்குப் பக்கம் சேமித்துக்கொண்டே வேலை செய்தார்.

அவர் பின்னால் நின்று ஒருநாள் பார்த்தேன். படத்தைப் பக்கத்தில் வைக்க அவர் இடது கை தானாகப் போய் கண்ட்ரோல்-டி அடித்தது. பழைய மென்பொருளில் அது படம் கொண்டுவரும் சாவி. இங்கே தேர்ந்தெடுத்திருந்த பெட்டி இன்னொன்றாகப் பெருகியது. அழித்தார். அடுத்த படத்துக்கு மறுபடியும் கண்ட்ரோல்-டி, மறுபடியும் அழித்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. குறுக்குவிசைகளை மாற்றிக்கொள்ளலாம் என்று பையன்தான் அமைப்புகளுக்குள் போய் மாற்றிக் கொடுத்தான். எனக்கு அது தோன்றவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பக்கம் கட்டுகிறவர், எழுத்து எந்தப் புள்ளியில் வரி உடையும் என்று அச்சகத்துக்காரருக்கே சொல்லிக்கொடுத்தவர், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரைப் போலப் பட்டியலில் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தார். அந்த வேலைத்திறனைச் சம்பாதிக்க அவருக்கு எத்தனை வருஷம் ஆகியிருக்கும்!

நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற சுதந்திரங்கள் பெரியவை. அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. 2002இல் முப்பரிமாணப் படங்கள் உருவாக்கும் பிளெண்டர் மென்பொருளின் மூலநிரலை விடுவிக்க ஏழே வாரத்தில் 1,00,000 யூரோ திரட்டிக் கொடுத்தவர்கள் அதன் பயனர்கள்தான். இன்றைக்கு உலகம் முழுக்க அது ஓடுகிறது. அந்த மாதிரிக் கதைகள்தான் என்னை இந்தப் பக்கம் இழுத்தன. ஆனால் அந்தப் பயனர்கள் தாங்களே முடிவெடுத்தவர்கள். அக்காவுக்காக முடிவெடுத்தவன் நான். ஜெர்மனியின் ம்யூனிக் நகர நிர்வாகம் ஏறத்தாழ 15,000 கணினிகளைக் கட்டற்ற இயங்குதளமான லினக்ஸுக்கு மாற்றிய பிறகு, 2017இல் திரும்பி விண்டோஸுக்கே போவதென்று தீர்மானித்தது. அதற்கு அரசியல் காரணம் என்று சொல்பவர்களும் உண்டு, ஊழியர்களின் அதிருப்தி என்று சொல்பவர்களும் உண்டு. முன்பெல்லாம் நான் முதல் கட்சியில் இருந்தேன். இப்போது இரண்டாவது தரப்பு சொல்வதையும் காதுகொடுத்துக் கேட்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் தெளிவாக இருக்கிறது. அன்றைக்கு எங்களை நிறுத்தியது மென்பொருளின் பூட்டு மட்டும் அல்ல, கோப்பின் வடிவமும்தான். உரை திறந்த ஆவண வடிவமான ஓடிஎஃப்பிலும் படங்கள் பொதுவான வடிவங்களிலும் தனியே இருந்திருந்தால் சர்வர் நின்றாலும் வேலை நின்றிருக்காது, பென்டிரைவும் தேவைப்பட்டிருக்காது.

இப்போது நிர்வாகம் மறுபடி கேட்கிறது: வடிவமைப்புக்கு மட்டும் அந்தச் சந்தா மென்பொருளை வாங்கிவிடலாமா, உங்கள் கருத்து என்ன, ஒரு குறிப்பு எழுதிக் கொடுங்கள் என்று. முதல் பத்தியை எழுதிவிட்டேன். எந்த மென்பொருளை வாங்கினாலும், முடித்த ஒவ்வொரு வேலையின் உரையும் படங்களும் திறந்த வடிவத்தில் தனியே சேமிக்கப்பட வேண்டும், அதற்கான நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. எந்த மென்பொருள் என்ற இரண்டாவது பத்தியை அக்காவையே எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். அவர் சந்தாதான் வேண்டும் என்று எழுதினால் அப்படியே என் பெயரில் மேலே அனுப்ப என்னால் முடியுமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். "எனக்கு என்ன தம்பி எழுத வரும்?" என்றுதான் முதலில் சொன்னார். அப்புறம், திங்கட்கிழமைக்குள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.